பொருத்தம் பார்த்துப் பொறி பூட்டுவோம்

தையல் வகுப்பில் நமக்கு முதன்முதலில் கற்றுத் தரப்படுவது ஊசியில் நூல் கோப்பதன்று, அளவெடுப்பது. துணி எவ்வளவு உயர்ந்ததாயினும் அளவு பிசகினால் ரவிக்கை உடம்பில் ஏறாது. வெட்டிய துணியைக் கடைக்காரர் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் மாட்டார். கணிப்பொறியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவோர்க்கும் இதுவே முதற்பாடமாகும்.

'கேமிங் பி.சி.' என்னும் சொல் நம் தோழியர் பேச்சில் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. அது அண்ணன்மார்க்கு உரிய பொருள் என்று ஒதுங்கி நிற்பவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் விளையாட்டுக்கென்று பூட்டப்படும் அதே பொறிதான் ஓவியம் தீட்டவும், வீடியோ தொகுக்கவும், கட்டட வரைபடம் இயற்றவும், நிரல் எழுதவும் உதவுகிறது. ஆதலால் அதன் பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிவது நம் எல்லார்க்கும் பயன் தரும்.

இதற்கு ஆகும் பணம் சிறு தொகையன்று. நம்மில் பலர் வீட்டில் அது அம்மா கட்டிய சீட்டுப் பணமாகவோ, அப்பாவின் போனஸாகவோ இருக்கும். அப்பணம் ஒருமுறைதான் கைக்கு வரும். உறை பிரித்த பாகத்தைத் திரும்பப் பெற மறுக்கும் கடைகள் பல. பொருந்தாத ஒரே ஒரு பாகத்தை வாங்கிவிட்டால், மற்றவை யாவும் நல்லனவாக இருந்தும் பொறி இயங்காமல் பெட்டியில் கிடக்கும். "இதெல்லாம் உனக்கெதற்கு?" என்ற கேள்வியும் கூடவே பிறக்கும். அக்கேள்விக்கு இடம் வைக்காமல், பணம் கையை விட்டுப் போகுமுன் தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பாகங்கள் ஏன் தனித்தனியே கிடைக்கின்றன?

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் 'பெர்சனல் கம்ப்யூட்ட'ரை வெளியிட்டது. அதன் பாகங்கள் பலவற்றை அந்நிறுவனம் பிறரிடமிருந்தே வாங்கியது. அதன் மூளையாகிய 8088 ப்ராசஸர் இன்டெல் நிறுவனத்துக்குரியது. பொறியின் அமைப்பு விவரங்களையும் ஐ.பி.எம். நூலாக வெளியிட்டது. எனவே பிற நிறுவனத்தார் அதனோடு இணையும் பாகங்களையும், பின்னர் அதனையொத்த முழுப் பொறிகளையும் செய்து விற்கத் தொடங்கினர்.

1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தது. மதர்போர்டின் நீள அகலம், திருகுத் துளைகள் அமையும் இடம், மின்சாரம் வரும் செருகி ஆகியவை இதனால் ஒழுங்குபட்டன. ஒரு நிறுவனத்தின் போர்டு வேறொரு நிறுவனத்தின் பெட்டியில் இன்று பொருந்துவது இத்தகைய ஒழுங்கினாலேயே ஆகும்.

ஆயினும் ஒழுங்குமுறை ஒன்றன்று, பல. ப்ராசஸர் அமரும் பீடத்துக்கு ஒன்று, நினைவகத்துக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என அவை தனித்தனியே உள்ளன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் படுகின்றன. பொருத்தம் பார்க்க வேண்டிய தேவை இதனாலேயே எழுகிறது.

ஆராய்வதற்கு ஒரு பட்டியல்

எங்கள் கணிப்பொறி மன்றத்தில் இப்பாடத்தைப் படிப்பதற்காகவே ஒரு பட்டியலை நாங்கள் அமைத்தோம். தோழியர் அதனை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

1. ப்ராசஸர்: ஏ.எம்.டி. ரைசன் 5 5600.
2. மதர்போர்டு: பி450 வகை, மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அளவு, 2018-இல் செய்யப்பட்டுக் கடையில் தங்கியது.
3. ராம்: டி.டி.ஆர்.5 வகை, 16 ஜி.பி., ஒரே துண்டு.
4. கிராபிக்ஸ் கார்டு: ரேடியான் ஆர்.எக்ஸ். 6600, மூன்று விசிறி கொண்டது, நீளம் 280 மி.மீ.
5. எஸ்.எஸ்.டி.: எம்.2 வடிவம், சாட்டா வகை, 500 ஜி.பி.
6. எஸ்.எம்.பி.எஸ்.: '450 வாட்' என்று அச்சிட்ட மலிவு வகை.
7. கேபினெட்: கார்டுக்கு 260 மி.மீ. இடம் உள்ளது.

எஸ்.எம்.பி.எஸ். நீங்கலாக இவற்றுள் எதுவும் மட்டமான பொருளன்று. ஒவ்வொன்றையும் தனியே காட்டினால் கடைக்காரர் "நல்ல சரக்கு" என்றே சொல்வார். ஆயினும் இவற்றைக் கொண்டு பொறி பூட்ட இயலாது. எங்கெங்கே தடை உள்ளது என்பதை வரிசையாக ஆராய்வோம்.

முதற் பொருத்தம்: திரையும் கிராபிக்ஸ் கார்டும்

கடையில் முதலில் ப்ராசஸரைப் பற்றியே பேச்செழும். நம் கணக்கு தொடங்க வேண்டிய இடமோ திரையாகும். விளையாட்டில் யார் எங்கே நகர்கிறார், பந்து எத்திசையில் செல்கிறது என்பன போன்றவற்றை ப்ராசஸர் கணிக்கிறது. அக்காட்சியைப் புள்ளி புள்ளியாக நிறம் தீட்டித் திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் கார்டு. திரையில் எத்தனை புள்ளிகள் உள்ளனவோ அத்தனைக்கும் அது உழைத்தாக வேண்டும்.

1080 எனப்படும் மானிட்டரில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமெனில், கார்டு நொடிதோறும் 12,44,16,000 புள்ளிகளை நிரப்ப வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடியே. 1440 வகைத் திரையில் 36,86,400 புள்ளிகளும், '4கே' திரையில் 82,94,400 புள்ளிகளும் உள்ளன. பின்னது 1080 திரையைப் போல் சரியாக நான்கு மடங்கு. எனவே திரை உயர உயரக் கார்டின் சுமையும் உயர்கிறது. குறைந்த பணத்தில் முதற்பொறி பூட்டுவோர் 1080 திரையோடு நிற்பதே விரலுக்கேற்ற வீக்கமாகும்.

நம் பட்டியலிலுள்ள ஆர்.எக்ஸ். 6600 கார்டு 8 ஜி.பி. நினைவகம் கொண்டது. 2021-இல் 1080 திரையைக் கருதியே அது வெளியிடப்பட்டது. ஆகவே திரைக்கும் கார்டுக்கும் பொருத்தம் உண்டு.

இங்கு இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. ரைசன் 5 5600 ப்ராசஸருக்குத் தானாகப் படம் காட்டும் ஆற்றல் இல்லை. இன்டெல் ப்ராசஸர்களில் பெயரின் இறுதியில் 'எஃப்' என்னும் எழுத்து இருந்தால் அவற்றுக்கும் அவ்வாற்றல் இல்லை. இத்தகைய ப்ராசஸரை வாங்கிவிட்டு, "கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கிக் கொள்ளலாம்" என்று இருந்தால், ஆறு மாதமும் திரை இருண்டே கிடக்கும். கார்டைப் பின்னர் வாங்க நினைப்போர் ரைசன் 5 5600ஜி போன்று படம் காட்டும் பகுதியையும் உட்கொண்ட ப்ராசஸரை நாட வேண்டும்.

இரண்டாம் பொருத்தம்: ப்ராசஸரும் மதர்போர்டும்

ப்ராசஸர் அமரும் பீடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட்டில் 1331 துளைகள் உள்ளன. ப்ராசஸரின் அடியிலுள்ள ஊசிகள் அத்துளைகளில் இறங்கும். 2022-இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டில் 1718 தொடுமுனைகள் உள்ளன; அதில் ஊசிகள் ப்ராசஸரில் இல்லாமல் போர்டிலேயே அமைந்துள்ளன. ஒன்றுக்குரிய ப்ராசஸர் மற்றொன்றில் அமராது.

இன்டெல் வகையிலும் இவ்வாறே. 10, 11-ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ. 1200, 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ. 1700, 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851. "ஐ5 ப்ராசஸரும் இன்டெல் போர்டும் கொடுங்கள்" என்று கேட்பது, அளவு சொல்லாமல் செருப்புக் கேட்பதை ஒக்கும்.

நம் பட்டியலில் உள்ள ப்ராசஸரும் போர்டும் ஏ.எம்.4 வகையினவே. ஆகவே ப்ராசஸர் போர்டில் அமர்ந்துவிடும். ஆனால் அமர்ந்தால் மட்டும் போதாது. போர்டு அதனை அடையாளம் காணவும் வேண்டும். போர்டில் பதிந்துள்ள பயாஸ் என்னும் தொடக்க நிரலே அவ்வேலையைச் செய்வது. நம் போர்டு 2018-இல் செய்யப்பட்டது. ரைசன் 5 5600 வெளிவந்ததோ 2022 ஏப்ரலில். நான்காண்டுகள் கழித்துப் பிறக்கப்போகும் ப்ராசஸரைப் பழைய பயாஸ் எவ்வாறு அறியும்? பயாஸைப் புதுப்பிக்காத வரையில் பொறி உயிர்பெறாது. புதுப்பிப்பதற்கோ அப்போர்டில் இயங்கும் பழைய ப்ராசஸர் ஒன்று வேண்டும். அல்லது ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றிக்கொள்ளும் பொத்தான் அப்போர்டில் இருக்க வேண்டும்.

இதற்கு வழி எளிது. போர்டு செய்யும் நிறுவனங்கள் தம் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் ஓர் அட்டவணை வைத்துள்ளன. எந்த ப்ராசஸருக்கு எந்தப் பதிப்பு பயாஸ் வேண்டும் என்பது அதில் இருக்கும். அதனைப் பார்த்து எழுதிக்கொண்டு, "இப்பதிப்போ இதற்குப் பிந்தியதோ உள்ள போர்டைத் தருக" என்று கடையில் கேட்கலாம். பழைய போர்டாயின் புதுப்பித்துத் தரும்படி வாங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இது நம் பட்டியலின் முதல் தடை.

மூன்றாம் பொருத்தம்: போர்டும் ராமும்

இரண்டாம் தடை வெளிப்படையானது. ஏ.எம்.4 போர்டுகள் டி.டி.ஆர்.4 வகை ராமையே ஏற்பன, ஏ.எம்.5 போர்டுகள் டி.டி.ஆர்.5 வகையையே ஏற்பன. எல்.ஜி.ஏ. 1700 போர்டுகளில் இருவகையும் உண்டாதலின், போர்டின் பெயரை முழுமையாகப் படித்தே வாங்க வேண்டும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டிலும் 288 முனைகளே உள்ளன, நீளமும் ஒன்றே. ஆனால் அடியிலுள்ள வெட்டு இடம் மாறி அமைந்திருக்கும். உள்ளே ஓடும் மின்னழுத்தமும் வேறு: முன்னதற்கு 1.2 வோல்ட், பின்னதற்கு 1.1 வோல்ட். ஆகவே வெட்டு பொருந்தவில்லையெனில் அழுத்தித் திணிக்கலாகாது. மடிக்கணிப்பொறி ராம் இவற்றினும் குட்டையானது; மேசைப் பொறிக்கு அது ஆகாது.

பட்டியலில் ராம் ஒரே துண்டாக இருப்பதும் எண்ணத்தக்கது. நினைவகத்துக்கும் ப்ராசஸருக்கும் இடையே இரண்டு பாதைகள் உள்ளன. டி.டி.ஆர்.4-3200 ராம் ஒரு பாதையில் நொடிக்கு 3200 × 8 = 25,600 எம்.பி. வரை செய்தி கடத்த வல்லது. 8 ஜி.பி. துண்டுகள் இரண்டை வெவ்வேறு பாதையில் செருகினால் இது 51,200 எம்.பி. ஆகிறது. ஒரே 16 ஜி.பி. துண்டாயின் ஒரு பாதை வெறுமனே கிடக்கும். நான்கு துளைகள் கொண்ட போர்டுகளில் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் துளைகளே இதற்கு உரியவை. கையேடு இதனைத் தெளிவாகக் காட்டும். ராமின் முழு வேகம் பெறுவதற்குப் பல போர்டுகளில் பயாஸுக்குள் சென்று எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை இயக்கிவிட வேண்டியும் இருக்கும்.

நான்காம் பொருத்தம்: மின்சாரம்

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்ற சிறு அழுத்தங்களாக மாற்றித் தரும் பெட்டி. பணம் குறையும்போது பலரும் முதலில் கைவைப்பது இதில்தான். ஆனால் இது கெட்டால் தான் மட்டும் கெடுவதில்லை. கார்டையும் போர்டையும் கூடவே இழுத்துச் செல்லக்கூடும்.

தேவையைக் கூட்டிப் பார்ப்போம். ஆர்.எக்ஸ். 6600 கார்டு 132 வாட் கொள்ளும். ப்ராசஸரின் மேல் 65 வாட் என்றிருந்தாலும் கடும் உழைப்பில் அதற்கு மேலும் இழுக்குமாதலின் 90 வாட் என்று வைத்துக்கொள்வோம். போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., விசிறிகள் ஆகியவற்றுக்கு 50 வாட். ஆக மொத்தம் 272 வாட். இக்கார்டுக்கு அதன் நிறுவனம் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்கிறது. அப்படியானால் நம் பட்டியலிலுள்ள 450 வாட் பெட்டி போதுமே என்று தோன்றலாம்.

பெட்டியின் பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்தால் உண்மை தெரியும். ப்ராசஸரும் கார்டும் தம் மின்சாரத்தைப் பெரும்பாலும் 12 வோல்ட் வரியிலிருந்தே பெறுகின்றன. அவ்வரிக்கு நேரே 20 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், 12 × 20 = 240 வாட் மட்டுமே அதில் கிடைக்கும். மேலே எத்தனை பெரிய எழுத்தில் 450 என்று அச்சிட்டிருந்தாலும் பயனில்லை. மேலும் இக்கார்டுக்குப் பெரும்பாலும் 8 முனைச் செருகி ஒன்று தேவை. மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. ப்ராசஸருக்குரிய 8 முனைச் செருகியும் பார்வைக்கு அதைப் போன்றே இருக்கும். ஆனால் அதன் கம்பி வரிசை வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருக முயல்வது ஆபத்து. இது மூன்றாம் தடை.

'80 பிளஸ்' என்னும் முத்திரை, பெட்டி குறைந்தது 80 விழுக்காடு திறனுடன் இயங்குகிறது என்பதற்குச் சான்று. அது சிக்கனத்தைக் குறிப்பதேயன்றிப் பாதுகாப்பு முழுவதற்கும் சான்றாகாது. எனவே முத்திரையோடு, நம்பத்தக்க நிறுவனமா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

மின்தடை நேரும் வீடுகளில் யு.பி.எஸ். பற்றிய கணக்கும் உண்டு. 85 விழுக்காடு திறனில் 272 வாட் பெற, சுவரிலிருந்து ஏறத்தாழ 320 வாட் இழுக்கப்படும். மானிட்டருக்கு 25 வாட் சேர்த்தால் 345 வாட். '600 வி.ஏ.' என்று விற்கப்படும் சிறு யு.பி.எஸ்.கள் பல 360 வாட் மட்டுமே தாங்கும். ஆகவே அது நம் பொறியை மயிரிழையில்தான் தாங்கும். வீட்டில் சிறிய யு.பி.எஸ். மட்டுமே இருப்பின், மின்சாரம் நின்றவுடன் விளையாட்டை நிறுத்தி வேலையைச் சேமித்துப் பொறியை அணைப்பதே முறை. இதே 345 வாட் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 21 யூனிட் ஆகும் என்பதையும் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று.

ஐந்தாம் பொருத்தம்: இடம்

நான்காம் தடையைக் கண்டுபிடிக்க மின்னியல் அறிவு வேண்டியதில்லை, அளவுகோல் போதும். கார்டின் நீளம் 280 மி.மீ.; கேபினெட்டில் உள்ள இடம் 260 மி.மீ. இரண்டு சென்டிமீட்டர் குறைவு என்பதற்காக இரும்புப் பெட்டியை இழுத்து நீட்ட முடியுமா? ஒரே பெயருள்ள கார்டையே வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு நீளத்தில் செய்கின்றன. ஆகவே 'ஆர்.எக்ஸ். 6600' என்று மட்டும் எழுதாமல், எந்த நிறுவனத்தின் எந்த வடிவம், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும்.

போர்டின் அளவுகளும் வரையறுக்கப்பட்டவை. ஏ.டி.எக்ஸ். 305 × 244 மி.மீ.; மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மிகுதியாக 244 × 244 மி.மீ.; மினி ஐ.டி.எக்ஸ். 170 × 170 மி.மீ. பெரிய கேபினெட்டில் சிறிய போர்டைப் பூட்டலாம். சிறியதில் பெரியதைப் பூட்ட இயலாது. ப்ராசஸரின் மேல் உயரமான கூலர் வைக்க நினைப்போர் கேபினெட்டின் அகலத்தையும் பார்க்க வேண்டும். அவற்றுள் 150 மி.மீ.க்கு மேல் உயரமுள்ளவை பல. ரைசன் 5 5600 ப்ராசஸரின் உறையிலேயே சிறிய கூலர் ஒன்று வருவதால் தொடக்கத்தில் அச்செலவு நமக்கில்லை.

கேபினெட்டின் முகப்பு முழுவதும் கண்ணாடியாக இருந்தால் பார்வைக்கு அழகு. ஆனால் காற்று புகுவது கடினம். கத்திரி வெயிலில் தகிக்கும் ஊர்களில் வாழும் நமக்கு வலைபோன்ற முகப்பும், காற்றை உள்ளிழுக்கும் விசிறியும், வெளித்தள்ளும் விசிறியும் உள்ள பெட்டியே ஏற்றது.

ஆறாம் பொருத்தம்: சேமிப்பும் மென்பொருளும்

எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரன்று. 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட ஒரே வடிவில் இருவகை எஸ்.எஸ்.டி.கள் வருகின்றன. சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி. வரை படிக்கும், என்.வி.எம்.இ. வகையில் எளியன கூட 2,000 முதல் 3,500 எம்.பி. வரை படிக்கும். சில போர்டுகளின் எம்.2 இடம் இரண்டையும் ஏற்கும். சில ஒன்றை மட்டுமே ஏற்கும். ஆகவே நம் பட்டியலின் ஐந்தாம் பொருள் பொருந்துமா என்பதைக் கையேட்டைப் பார்த்தே சொல்ல முடியும். ஐயம் உள்ள இடத்தில் பணம் போடுவதினும் என்.வி.எம்.இ. வகையை வாங்குவது தெளிவு.

மென்பொருளையும் மறக்கலாகாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முற்பட்ட மேசைப் பொறி ப்ராசஸர்களை அது முறைப்படி ஏற்பதில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய பொறியை மலிவாக வாங்கிக் கார்டு மட்டும் சேர்க்க எண்ணுவோர் இதனை முதலில் பார்க்க வேண்டும். அத்தகைய பொறிகள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ். செருகியும் தனி வகையாக இருப்பதால் வேறொன்றை மாற்றிப் பூட்டவும் முடியாது. லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது; விண்டோஸ் விளையாட்டுகள் பலவற்றை அதில் இயக்க 2018-இல் வந்த புரோட்டான் என்னும் மென்பொருள் உதவுகிறது. ஆயினும் பலர் கூடி ஆடும் விளையாட்டுகள் சில அதில் இயங்குவதில்லை.

பணத்தைப் பங்கிடும் முறை

விலை வாரந்தோறும் மாறுவதாகையால் ரூபாயைக் குறிப்பதினும் பங்கைக் குறிப்பதே நிலைக்கும். நூறு பங்கில் கார்டுக்கு 35, ப்ராசஸருக்கு 20, போர்டுக்கு 13, ராமுக்கு 12, எஸ்.எஸ்.டி.க்கு 8, எஸ்.எம்.பி.எஸ்.க்கு 8, கேபினெட்டுக்கு 4 என்று நாங்கள் தொடக்கக் கணக்கு வகுத்தோம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யு.பி.எஸ். ஆகியவை இதற்குப் புறம்பு. செயற்கை அறிவுக் கூடங்களின் தேவை பெருகியதால் 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. அத்தகைய காலத்தில் ராமின் பங்கு கூடும். அப்போது கார்டில் ஒரு படி இறங்கலாம், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இறங்கலாகாது. ப்ராசஸருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுக் கார்டுக்குக் கிள்ளிக் கொடுப்பதும் வீண். திரையில் படம் தடுமாறும்போது விலையுயர்ந்த ப்ராசஸர் கைகட்டிக் காத்திருக்கும்.

திருத்திய பட்டியல்

இப்போது நம் பட்டியலைத் திருத்தி எழுதுவோம்.

1. ப்ராசஸர்: ரைசன் 5 5600. மாற்றமில்லை.
2. மதர்போர்டு: பி550 வகை, மைக்ரோ ஏ.டி.எக்ஸ்.; பயாஸ் பதிப்பு சரிபார்த்தது.
3. ராம்: டி.டி.ஆர்.4-3200, 8 ஜி.பி. துண்டுகள் இரண்டு.
4. கிராபிக்ஸ் கார்டு: ஆர்.எக்ஸ். 6600, இரண்டு விசிறி கொண்டது, 240 மி.மீ.க்கு உட்பட்டது.
5. எஸ்.எஸ்.டி.: எம்.2 வடிவம், என்.வி.எம்.இ. வகை, 500 ஜி.பி.
6. எஸ்.எம்.பி.எஸ்.: 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், கார்டுக்குரிய 8 முனைச் செருகி உள்ளது.
7. கேபினெட்: மைக்ரோ ஏ.டி.எக்ஸ்.; கார்டுக்கு 300 மி.மீ. இடம், வலை முகப்பு.

மாறியவற்றுள் பல விலையால் மாறவில்லை. பொருத்தத்தால் மாறின என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். இரண்டு விசிறிக் கார்டு மூன்று விசிறிக் கார்டினும் பெரும்பாலும் விலை குறைந்ததே. அடுத்த ஆண்டு இப்பெயர்கள் பழையனவாகலாம். வேறு எண்கள் வரலாம். ஆனால் திரை, சாக்கெட்டும் பயாஸும், ராம், மின்சாரம், இடம், சேமிப்பும் மென்பொருளும் என்னும் ஆறு கேள்விகள் மாறா.

பூட்டும்போது

பாகங்கள் வந்ததும் பில்லையும் உத்தரவாதச் சீட்டையும் முதலில் பத்திரப்படுத்துவோம். வேலையைத் தொடங்குமுன் உலோகப் பொருளொன்றைத் தொட்டு உடலில் சேர்ந்த நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்வோம். ப்ராசஸரின் ஒரு மூலையிலுள்ள முக்கோணக் குறியும் சாக்கெட்டின் முக்கோணக் குறியும் ஒரே மூலையில் வரவேண்டும். நெம்பியைத் தூக்கிவிட்டால் ப்ராசஸர் தன் எடையாலேயே இறங்கும். விரலால் அழுத்தும் தேவையில்லை. கேபினெட்டில் திருகுமுன், போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே அதை வைத்துப் ப்ராசஸர், கூலர், ராம், கார்டு, எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றை மட்டும் இணைத்து ஒருமுறை இயக்கிப் பார்ப்பது நலம். மானிட்டர் கம்பியைப் போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும். வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கழற்றும் கம்பிகளை, செருகி பொருந்துகிறது என்பதற்காகப் பயன்படுத்தலாகாது. உள்வரிசை வேறாயின் பாகங்கள் கருகும்.

முடிவாக ஒன்று. "இதெல்லாம் உனக்கெதற்கு?" என்ற கேள்வியை மேலே குறித்தோம். நம் பட்டியலில் முதலிடம் பெற்ற ரைசன் வரிசை 2017-இல் வெளிவந்தபோது ஏ.எம்.டி. நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லிசா சூ என்னும் பெண்மணி. தைவானில் பிறந்து, மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, 2014-இல் அப்பொறுப்பை ஏற்றவர். பொறியை வடிவமைக்கும் நிறுவனத்தை ஒரு பெண் நடத்த முடியுமாயின், அதற்குப் பொருந்தும் போர்டையும் ராமையும் தேர்ந்தெடுக்க நம்மால் முடியாதா?

ஆகவே தோழியரே, கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுப்போம். ஏழு பாகங்களையும் எழுதுவோம். ஒவ்வொன்றின் நேரே சாக்கெட், ராம் வகை, வாட், மில்லிமீட்டர் ஆகியவற்றைக் குறிப்போம். ஆறு கேள்விக்கும் விடை கிடைத்தபின் அத்தாளை வீட்டில் அம்மா அப்பாவிடம் காட்டுவோம். அவர்கள் உழைத்துச் சேர்த்த பணம் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று வரி வரியாக விளக்குவோம். அவ்வாறு விளக்க முடிந்த நாளே பொறி வாங்கத் தகுந்த நாளாகும்.